படிகங்களின் கதை – 11: ஐந்தாவது நீர்

எக்ஸ் கதிரைப் புள்ளிப் புள்ளியாகச் சிதறடித்த முதல் படிகம் எது என்று கேட்டால், இயற்பியல் படித்தவர்கள்கூட வைரம் என்பார்கள், அல்லது கல்லுப்பு என்பார்கள். இரண்டும் இல்லை, மயில்துத்தம். காப்பித் தோட்டத்திலும் திராட்சைப் பந்தலிலும் சுண்ணாம்போடு கரைத்துத் தெளிக்கிறார்களே, அந்த நீலக் கல்தான். 1912 ஏப்ரலில் மியூனிக் நகரில் அது காட்டிய சில புள்ளிகளிலிருந்துதான் இன்றைய படிகவியல் கிளம்பியது. ஆனால் வரலாற்று நூல்கள் மயில்துத்தத்துக்கு ஒரு வரி ஒதுக்கிவிட்டு, அடுத்த வரியிலேயே துத்தநாக சல்பைடுக்குத் தாவிவிடும். அதற்குக் காரணம் இருக்கிறது. முதல் படத்தைக் கொடுத்த படிகத்தின் உள்ளமைப்பை அதன் பிறகு 22 ஆண்டுகள் யாராலும் கண்டறிய முடியவில்லை.

இந்த அத்தியாயம் அந்த 22 ஆண்டுகளையும், அதற்கு முன்னால் ஒரு நூற்றாண்டாக வேதியியலார் தீர்க்காமல் தள்ளிப்போட்டு வந்த ஒரு கேள்வியையும் பற்றியது. நீலக் கல்லுக்குள் தண்ணீர் இருக்கிறது, சரி, எங்கே இருக்கிறது?

இருப்பதைக் காட்டுவது எளிது. மயில்துத்தத்தைச் சட்டியில் போட்டு நன்றாகச் சூடாக்கினால் நீலம் வெளிறி, கடைசியில் வெள்ளைத் தூளாகும். எடையில் நூற்றுக்கு 36 பங்கு குறைந்திருக்கும். அந்தத் தூளில் சில சொட்டுத் தண்ணீர் விட்டால் சூடு கிளம்ப, நீலம் திரும்பி வரும். எடைக் கணக்கைப் போட்டால் ஒரு செம்புக்கும் ஒரு சல்பேட்டுக்கும் ஐந்து நீர் மூலக்கூறு என்று வரும். இந்தக் குடும்பத்தில் மற்றவர்களுக்கு வேறு கணக்கு. அன்னபேதி என்கிற இரும்பு சல்பேட்டுக்கு ஏழு. துத்தநாக சல்பேட்டுக்கு ஏழு. பேதிக்குக் கொடுத்த எப்சம் உப்புக்கும் ஏழு. படிகாரத்துக்குப் பன்னிரண்டு. ஏன் ஐந்து, ஏன் ஏழு என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை. அதனால் வாய்பாட்டில் உப்பை எழுதி, பக்கத்தில் ஒரு புள்ளி வைத்து, அதன்பின் நீரின் எண்ணிக்கையை எழுதினார்கள். இன்றும் பள்ளிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்காதே என்பதுதான் அந்தப் புள்ளிக்கு அர்த்தம்.

ஆனால் அந்தத் தண்ணீர் சும்மா ஒண்டிக்கொண்டிருக்கவில்லை என்பதற்கு 1810-களிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. பிரான்சில் பெடான் என்ற கனிமவியலர் செம்பு சல்பேட்டையும் இரும்பு சல்பேட்டையும் ஒரே பாத்திரத்தில் கரைத்துப் படிகமாக வளர விட்டார். இரும்பு உப்பு நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்கு இருந்தாலே போதும், மொத்தப் படிகமும் இரும்பு உப்பின் வடிவத்தை எடுத்துக்கொண்டது. ஒரு பொருளுக்கு ஒரு வடிவம் என்று சொல்லி வந்த ஹாவியின் பள்ளிக்கு இது பெரிய தலைவலி. விளக்கம் சொன்னவர், நாம் ஏற்கெனவே சந்தித்த மிட்செர்லிஹ். கலவைப் படிகத்துக்குள் செம்பு சல்பேட் தனக்கு வழக்கமான ஐந்து நீரை விட்டுவிட்டு, இரும்பைப் போல ஏழு நீரோடு நிற்கிறது. அதனால்தான் இரும்பின் வடிவம் வந்தது என்றார். வடிவத்தைத் தீர்மானிப்பதில் உலோகத்துக்கு இருக்கிற அதே உரிமை தண்ணீருக்கும் இருக்கிறது என்பதுதான் இதன் உட்பொருள். அன்றைக்கு இதை யாரும் இவ்வளவு அப்பட்டமாகச் சொல்லவில்லை.

1830-களில் கிளாஸ்கோவில் தாமஸ் கிரஹாம் வேறொரு பக்கமிருந்து வந்தார். இந்த உப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் எவ்வளவு நீர் போகிறது என்று பார்த்தார். எல்லா நீரும் ஒரே மாதிரி விடைபெறவில்லை. மயில்துத்தத்தில் கொதிநிலையை ஒட்டிய சூட்டிலேயே நான்கு போய்விடும். ஐந்தாவது, இருநூறு டிகிரியைத் தாண்டினால்தான் அசையும். ஏழு நீர் உப்புகளிலும் கடைசி ஒன்று அதே பிடிவாதம். அந்த ஒற்றை நீரைக் கழற்றிவிட்டு அதன் இடத்தில் பொட்டாசியம் சல்பேட்டை வைத்தால், ஆறு நீருள்ள இரட்டை உப்பு கிடைக்கிறது என்பதையும் அவர் சேர்த்துப் பார்த்தார். ஆக, தண்ணீருக்குள் இரண்டு வகை: ஒன்று வந்துபோகும் வகை, மற்றது உப்பின் உடம்போடு சேர்ந்த வகை. அருமையான சோதனை. ஆனால் சூடாக்கி எடை போடும் முறையால் எத்தனை என்று சொல்ல முடியுமே தவிர எங்கே என்று சொல்ல முடியாது.

எத்தனை என்பதிலும் அது ஏமாற்றியிருக்கிறது. 1837-இல் ஃபிரிட்சே என்பவர் கடுங்குளிரில் எப்சம் உப்புக் கரைசலை உறையவைத்துப் புது வகைப் படிகம் ஒன்றைப் பெற்றார். நீரின் எண்ணிக்கை பன்னிரண்டு என்று பதிவாயிற்று. 2006-இல் கனடாவின் ரொனால்ட் பீட்டர்சனும் அவருடைய கூட்டாளியும் அதன் அமைப்பை எக்ஸ் கதிரால் கண்டறிந்தபோது, உள்ளே பதினொன்றுதான் இருந்தது. செவ்வாய்க் கோளின் மெரிடியானி சமவெளியில் சல்பேட் உப்புகள் கண்டறியப்பட்டதை ஒட்டி, அந்தக் கனிமத்துக்கு மெரிடியானைட் என்று பெயர் சூட்டினார்கள். 169 ஆண்டுகள் ஒரு நீர் மூலக்கூறு கணக்கில் கூடுதலாக உட்கார்ந்திருந்தது!

கிரஹாமுக்குப் பிறகு அடுத்த பெரிய அடியை வைத்தவர் ஆல்ஃபிரட் வெர்னர். 1893-இல், 26 வயதில், ஓர் உலோக அணு தன்னைச் சுற்றிக் குறிப்பிட்ட எண்ணிக்கையில், குறிப்பிட்ட மூலைகளில் மற்றவற்றை நிறுத்திக்கொள்ளும் என்று எழுதினார். பெரும்பாலும் ஆறு, சிலவற்றில் நான்கு. இந்தப் பார்வையில் படிக நீரின் பெரும்பகுதி உலோகத்தைச் சூழ்ந்து நிற்பது. மிச்சம் வேறெங்கோ ஒதுங்கியிருப்பது. மயில்துத்தத்தில் செம்பைச் சுற்றி நான்கு நீர், தனியே ஒன்று. கிரஹாம் எடை போட்டுப் பிரித்த அதே நான்கும் ஒன்றும்! இவ்வளவு பொருத்தமாக இரண்டு எண்கள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்போது யாருக்குத்தான் சந்தேகம் வரும்? அந்தப் பொருத்தத்தின் பின்னால் ஒரு பொறி இருக்கிறது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

வெர்னர் சொன்னதற்கும் நேரடிச் சாட்சி இல்லை. அது மியூனிக்கிலிருந்து வரவேண்டியிருந்தது.

1912-இல் மியூனிக் பல்கலைக்கழகத்தில் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ரான்ட்கன் இருந்தார். கோட்பாட்டு இயற்பியலுக்கு ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் இருந்தார். கனிமவியலுக்குப் படிக வடிவங்களையெல்லாம் தொகுத்து வைத்திருந்த குரோத் இருந்தார். எக்ஸ் கதிர் அலையா, துகளா என்று ஒரு பக்கம் வழக்கு நடந்துகொண்டிருந்தது. படிகத்துக்குள் அணுக்கள் வரிசை பிசகாமல் நிற்கின்றன என்பது குரோத்தின் வகுப்பில் பாலபாடம். மற்ற துறைகளில் அது வெறும் ஊகம். இந்த இரண்டு கேள்விகளும் ஒரே கட்டட வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை.

பார்க்க வைத்தது ஒரு மாலை நடை. ஜனவரியில் சோமர்ஃபெல்டின் மாணவர் பால் எவால்ட் தன் ஆய்வேட்டில் ஒரு சந்தேகம் கேட்க மாக்ஸ் லாவேயைத் தேடிப் போனார். படிகத்துக்குள் வரிசையாக நிற்கும் அணுக்களிடையே ஒளி எப்படிப் பயணப்படும் என்பது எவால்டின் ஆய்வு. ஆங்கிலத் தோட்டம் என்கிற பூங்கா வழியே இருவரும் பேசிக்கொண்டே நடந்தபோது, அந்த வரிசைகளுக்கிடையே தொலைவு எவ்வளவு என்று லாவே கேட்டார். ஒளியின் அலைநீளத்தில் ஐந்நூறில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோ இருக்கும் என்றார் எவால்ட். எக்ஸ் கதிர் அலையாக இருந்தால் அதன் நீளமும் ஏறக்குறைய அதே அளவு. அப்படியானால் படிகத்தின் ஊடே அனுப்பினால் அது குறுக்கிட்டுச் சிதற வேண்டுமே! எவால்ட் தன் சந்தேகத்துக்குப் பதில் கிடைக்காமலே வீடு திரும்பினார். லாவேயின் மனம் வேறிடத்துக்குப் போய்விட்டது.

சோமர்ஃபெல்டுக்கு இதில் நம்பிக்கையில்லை. படிகத்தின் அணுக்கள் வெப்பத்தால் ஆடிக்கொண்டே இருக்கும், எந்தச் சித்திரமும் கலைந்துபோகும் என்று நினைத்தார். அவருடைய உதவியாளர் வால்டர் ஃபிரீட்ரிஹுக்கு வேறு வேலைகள் காத்திருந்தன. ஆனாலும் ஃபிரீட்ரிஹும், ரான்ட்கனிடம் அப்போதுதான் ஆய்வை முடித்திருந்த பால் நிப்பிங்கும் கையில் கிடைத்த கருவிகளைக் கொண்டு சோதனையைத் தொடங்கிவிட்டார்கள். தேர்ந்தெடுத்த படிகம் மயில்துத்தம். ஏன் என்றால், எக்ஸ் கதிர் பட்டதும் படிகத்தின் அணுக்கள் தமக்கே உரிய எக்ஸ் கதிரை உமிழும், அந்த உமிழ்வுகள்தான் ஒன்றோடொன்று குறுக்கிடப்போகின்றன என்று அவர்கள் எண்ணினார்கள். செம்பு அப்படி நன்றாக உமிழும். நல்ல பெரிய மயில்துத்தப் படிகம் எந்த ஆய்வகத்திலும் கிடைக்கும்.

இந்த எண்ணம் தவறு. குறுக்கிட்டது செம்பு உமிழ்ந்த கதிர் அல்ல, உள்ளே போன கதிரேதான். தவறான காரணத்துக்காகத் தேர்ந்தெடுத்த படிகத்தில் சரியான விளைவு வந்தது. அறிவியல் வரலாற்றில் இது அடிக்கடி நடக்கிற கூத்துதான்.

ஒளித்தகட்டை முதலில் வைத்த இடத்தில் ஒன்றும் விழவில்லை. படிகத்துக்குப் பின்னால் வைத்து, மணிக்கணக்கில் குழாயை ஓட்டிய பிறகு, நடுவில் கதிரின் நேர்த்தடமும் அதைச் சுற்றி மங்கலான பெரிய புள்ளிகளும் தெரிந்தன. ஏதாவது கோளாறாக இருக்குமோ என்று, மயில்துத்தத்தைத் தூளாக்கி வைத்துப் பார்த்தார்கள், புள்ளிகள் மறைந்தன. படிகமாக இருந்தால் புள்ளி, தூளானால் இல்லை. விஷயம் உறுதியாயிற்று. ஃபிரீட்ரிஹ் காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு லியோபோல்ட் தெரு வழியே வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோதுதான் கணக்கு தன் மனத்தில் உதித்தது என்று லாவே பின்னாளில் எழுதினார். மே 4 அன்று மூவரும் முன்னுரிமைக்குச் சான்றாக முத்திரையிட்ட குறிப்பு ஒன்றை பவேரிய அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார்கள். ஜூன் 8 அன்று சோமர்ஃபெல்டே கட்டுரையை அந்தக் கழகத்தில் முன்வைத்தார். 1914-க்கான நோபல் பரிசு லாவேக்கு மட்டும் அறிவிக்கப்பட்டது. பணத்தை மற்ற இருவரோடும் அவர் பகிர்ந்துகொண்டார்.

மயில்துத்தம் மேடையிலிருந்து இறக்கப்பட்டதும் இந்த இடத்தில்தான். படிகங்களில் அதைவிட ஒழுங்கு குறைந்த வகை கிடையாது. முச்சரிவு வகை: அலகுக்கூட்டின் மூன்று விளிம்புகளும் வெவ்வேறு நீளம், மூன்று கோணங்களில் ஒன்றுகூடச் செங்கோணம் இல்லை. அது தரும் புள்ளிகளில் கண்ணுக்குப் பிடிபடும் சமச்சீர் எதுவும் இருக்காது. அதனால் கருவியைச் செப்பனிட்டுக்கொண்டு துத்தநாக சல்பைடுக்கு மாறினார்கள். அது கனசதுர வகை. நான்கு பக்கமும் ஒரே மாதிரி புள்ளிகள் விழுந்த அந்த அழகான படம்தான் இன்றும் எல்லாப் புத்தகங்களிலும் அச்சாகிறது.

பிராக் தந்தை மகன் கதையை விரிவாக அடுத்த சில அத்தியாயங்களில் பார்க்கவிருப்பதால் இங்கே ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1912 நவம்பரில் கேம்பிரிட்ஜில் 22 வயது லாரன்ஸ் பிராக், புள்ளிகளை அணுத்தளங்களின் எதிரொளிப்பாகப் பார்க்கலாம் என்று காட்டினார். அடுத்த ஆண்டே கல்லுப்பு, வைரம் எல்லாம் அவிழ்ந்தன. ஆனால் கல்லுப்பு அவிழ்ந்ததில் ஒரு சலுகை இருந்தது. அதில் எல்லா அணுக்களும் கனசதுரத்தின் மூலைகளிலும் நடுவிடங்களிலும் உட்கார்ந்திருக்கும். கண்டுபிடிக்க வேண்டியது எந்த அடுக்குமுறை என்பது மட்டும். மயில்துத்தத்தில் செம்பை விட்டுவிட்டாலும் ஒரு கந்தகம், ஒன்பது ஆக்சிஜன். ஒவ்வொன்றுக்கும் மூன்று அளவு. ஹைட்ரஜனைக் கணக்கிலேயே சேர்க்காமல் முப்பது எண்களைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஊகித்துப் பார்த்துத் திருத்தும் முறை இங்கே செல்லாது.

அந்தத் தலைமுறையில் சிலர் படிகாரத்தின் பக்கம் திரும்பினார்கள். அது கனசதுர வகை, ஒழுங்கானது, அதோடு ஒரு வசதியும் உண்டு. பொட்டாசியத்துக்குப் பதில் அம்மோனியத்தையோ ருபீடியத்தையோ சீசியத்தையோ தாலியத்தையோ வைத்தாலும் அது படிகாரமாகவே இருக்கும். மிட்செர்லிஹ் கண்ட அதே பண்பு. 1927-இல் கார்க் என்பவர் இந்தப் படிகாரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் புள்ளி வலுக்கிறது, எது மங்குகிறது என்பதிலிருந்து அணுக்களின் இடத்தை ஊகிக்க முயன்றார். ஓர் அணுவை மட்டும் மாற்றி வைத்து மற்றவற்றைக் காணும் இந்த உத்தி, கால் நூற்றாண்டு கழித்து கேம்பிரிட்ஜில் பெரூட்ஸின் கையில் ஹீமோகுளோபினைத் திறக்கும் சாவியாயிற்று. ரத்தத்தின் சிவப்புப் புரதத்துக்குப் போன பாதையில் ஒரு பகுதி படிகாரத்தின் வழியே சென்றது என்பதைச் சொல்லாமல் விடமுடியவில்லை.

இனி லிவர்பூல். 1930-களின் தொடக்கத்தில் அங்கே இயற்பியல் துறையில் ஆர்னால்ட் பீவர்ஸ், ஹென்றி லிப்சன் என்று இரண்டு இளைஞர்கள். ஒருவர் 1908-இல் பிறந்தவர், மற்றவர் 1910-இல். சொல்லிக்கொடுக்கப் படிகவியலர் யாரும் அங்கே இல்லை. சந்தேகம் வந்தால் மான்செஸ்டருக்கு ரயிலேறி, அப்போது அங்கே பேராசிரியராக இருந்த லாரன்ஸ் பிராக்கைப் பார்த்துவிட்டு வருவார்கள். 1932-இல் ஆறு நீருள்ள நிக்கல் சல்பேட்டின் அமைப்பை வெளியிட்டார்கள். நிக்கலைச் சுற்றி ஆறு நீரும் எண்முகியின் ஆறு மூலைகளில் நின்றன, வெர்னர் சொன்னபடியே. அதன்பின் கையில் எடுத்தது மயில்துத்தம்.

அவர்களின் ஆயுதம் ஃபூரியர் கூட்டல். ஒளித்தகட்டில் விழும் ஒவ்வொரு புள்ளியும் படிகத்தின் எலக்ட்ரான் அடர்த்தியில் உள்ள ஓர் அலையைக் குறிக்கும். எல்லா அலைகளையும் கூட்டினால் அணுக்கள் மேடுகளாக எழுந்து நிற்கும். இதில் இரண்டு இடைஞ்சல்கள். முதலாவது, புள்ளியின் கருமை அலையின் உயரத்தைச் சொல்லுமே தவிர, குறிப்பிட்ட இடத்தில் அது முகடா பள்ளமா என்பதைச் சொல்லாது. மயில்துத்தத்துக்கு எதிரெதிர்ச் சமச்சீர் இருப்பதால் கேள்வி கூட்டலா கழித்தலா என்ற அளவுக்குச் சுருங்கியது. செம்பு அந்தச் சமச்சீர் மையங்களிலேயே உட்கார்ந்திருந்தது. 29 எலக்ட்ரான் கொண்ட கனத்த அணு. அது பங்களிக்கும் அலைகளில் பலவற்றுக்குக் குறியை அதுவே முடிவு செய்துவிடும். அவலட்சணமான படிகம் என்று 1912-இல் ஒதுக்கப்பட்டது இந்த ஒரு விஷயத்தில் கைகொடுத்தது.

இரண்டாவது இடைஞ்சல் கூலி வேலை. ஒரு படத்துக்கு அறுபதுக்கு அறுபது என்று கட்டம் போட்டால் 3,600 இடங்கள். நூறு அலைகள் என்று வைத்தால்கூட 3,60,000 கோசைன் மதிப்புகளைப் பெருக்கிக் கூட்ட வேண்டும். கணினி கிடையாது. பீவர்ஸும் லிப்சனும் செய்த தந்திரம், இரண்டு திசைக் கூட்டலை ஒரு திசைக் கூட்டல்களாக உடைத்தது. அதன்பின், ஒவ்வொரு உயரத்துக்கும் ஒவ்வொரு அலை எண்ணுக்கும் மதிப்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு, நீளவாக்கில் வெட்டிய அட்டைப் பட்டைகளில் எழுதி, மரப்பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாய்ப்பாட்டை ஒவ்வொரு வரியாகக் கத்தரித்து வைத்ததுபோல. வேண்டிய பட்டைகளை உருவி, ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, நேர்கீழாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பெருக்கலே இல்லை.

பீவர்ஸ்–லிப்சன் பட்டைகள் என்று பெயர் பெற்ற அந்தப் பெட்டி, அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு உலகம் முழுவதும் படிகவியல் ஆய்வகங்களின் மேசையில் இருந்தது. சிறுமியாக இருந்தபோது மயில்துத்தத்தையும் படிகாரத்தையும் வளர்த்து விளையாடித்தான் படிக ஆசையைப் பிடித்துக்கொண்டேன் என்று சொல்லும் டோரதி ஹாட்ஜ்கின், பெனிசிலினின் அமைப்பைத் தேடியபோது கூட்டல்களுக்குக் கைகொடுத்தவற்றில் இந்தப் பட்டைகளும் உண்டு. பீவர்ஸ் பிறகு எடின்பரோவுக்குப் போய், உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை கொடுத்து, சிறு உருண்டைகளையும் கம்பிகளையும் கோத்துப் படிக மாதிரிகள் செய்யும் பட்டறை ஒன்றையும் நடத்தினார். கணக்கில் கண்ட மேடுகளைக் கையில் எடுத்துப் பார்க்கும்படி ஆக்கிக் கொடுத்தவர் அவர்.

1934-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் மயில்துத்தத்தின் அமைப்பு வெளிவந்தது. செம்பைச் சுற்றி ஏறத்தாழ ஒரு சதுரமாக நான்கு நீர், இரண்டு ஆங்ஸ்ட்ராம் தொலைவில். மேலும் கீழும் இரண்டு ஆக்சிஜன், சற்றே தள்ளி, 2.4 ஆங்ஸ்ட்ராமில், அவை நீருடையவை அல்ல, சல்பேட்டுடையவை. ஆக, செம்பைச் சுற்றி நான்கு அல்ல, நீண்டுபோன எண்முகியாக ஆறு. சல்பேட்டுகள் ஒரு செம்பிலிருந்து அடுத்த செம்புக்குப் பாலமாகி நீண்ட சங்கிலிகளை அமைத்தன. ஐந்தாவது நீர் எந்தச் செம்பையும் தொடவில்லை. சங்கிலிகளுக்கிடையே, பக்கத்து நீர்களையும் சல்பேட் ஆக்சிஜன்களையும் ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டு நின்றது. வாய்பாட்டில் ஒரே புள்ளிக்குப் பின்னால் ஒன்றாக அடைக்கப்பட்டிருந்த ஐந்து நீரும் இரண்டு தொழில் செய்பவை என்று தெரிந்தது.

அடுத்த ஆண்டு மற்ற உறவினர்களும் வரிசையாக வந்தார்கள். ஏழு நீருள்ள நிக்கல் சல்பேட்டில் ஆறு நீர் நிக்கலைச் சுற்றி, ஏழாவது வெளியே. படிகாரத்தில் அலுமினியத்தைச் சுற்றி ஆறு, பொட்டாசியத்தைச் சுற்றி ஆறு, ஆகப் பன்னிரண்டு. எல்லாப் படிகாரமும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல, மூன்று வகை உண்டு என்றும், பெரிய சீசியம் உட்காரும்போதும் சிறிய சோடியம் உட்காரும்போதும் உள்ளே நிற்கும் முறையே மாறுகிறது என்றும் லிப்சன் காட்டினார். ஒரு நூற்றாண்டாக ஏன் ஐந்து, ஏன் ஏழு, ஏன் பன்னிரண்டு என்று கேட்டதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் பதில்.

மயில்துத்தத்தில் மட்டும் ஏன் எண்முகி நீண்டுபோயிற்று? 1934-இல் அதற்கு விளக்கம் இல்லை. யான், டெல்லர் இருவரும் சமச்சீர் கூடிய நிலை சில அணுக்களுக்குத் தாங்காது, தானே நெளிந்துகொடுக்கும் என்று நிறுவியது 1937-இல். அதற்கு முன்பே, லிவர்பூல் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அந்த நெளிவைக் காந்தத்தால் சோதித்தவர் கல்கத்தாவில் இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனை நம்மவர்கள் பெரும்பாலும் ராமன் விளைவின் துணைக் கதாபாத்திரமாகவே நினைவில் வைத்திருக்கிறோம். எனக்கு இது எப்போதும் உறுத்தும். அவருடைய தனிக் கொடை படிகங்களின் காந்தப் பண்பு. டாக்காவில் தொடங்கி, 1933 முதல் கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் தொடர்ந்தார். முறை பார்ப்பதற்கு எளியது. சிறு படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்துக்குள் வைப்பார். எல்லாத் திசையிலும் காந்த ஏற்புத்திறன் சமமாக இருந்தால் படிகம் சும்மா இருக்கும். இல்லையென்றால் ஏற்பு கூடிய திசையைப் புலத்தோடு சேர்க்கத் திரும்பும். மேலிருந்து இழையை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படிகம் பிடியை விட்டுச் சட்டென்று புரளும். அந்தக் கோணத்திலிருந்து திசைக்குத் திசை வேறுபாட்டைத் துல்லியமாகக் கணக்கிடலாம்.

அந்த ஆண்டுகளில் நீர் கொண்ட சல்பேட் உப்புகள் இயற்பியலாருக்குத் திடீரென்று வேண்டியவை ஆகியிருந்தன. 1933-இல் பெர்க்லியில் ஜியோக், எட்டு நீருள்ள கடோலினியம் சல்பேட்டைக் காந்தமேற்றி விடுவித்து, கால் கெல்வின் வரை குளிர்வித்தார். காந்த அயனிகள் நெருங்கி நின்றால் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும். இடையே தண்ணீர் நின்றால் விலகியிருக்கும். அயனியைச் சுற்றியுள்ள நீரின் மின்புலம் அதன் காந்தத்தை எப்படி வளைக்கிறது என்ற வான் விளெக்கின் கோட்பாட்டுக்கும் இந்த உப்புகளே உரைகல். கல்கத்தாவின் அளவுகள் உலகுக்குத் தேவைப்பட்டன.

கிருஷ்ணனும் ஏ. முகர்ஜியும் மயில்துத்தத்தைப் பற்றி 1936-லும் 1938-லும் ‘பிசிக்கல் ரிவியூ’ இதழில் எழுதினார்கள். ஒழுங்கே இல்லாத முச்சரிவுப் படிகமாயிற்றே, காந்தத்தில் மூன்று திசையும் மூன்று விதமாக இருக்கும் என்றுதான் எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அது ஒரே ஓர் அச்சைச் சுற்றிச் சீராக இருப்பதுபோல் நடந்துகொண்டது. பீவர்ஸ்–லிப்சன் வரைபடத்தில் விடை இருந்தது. அலகுக்கூட்டில் இரண்டு செம்பு. ஒவ்வொன்றும் தன் நீண்ட அச்சைச் சுற்றி ஏறத்தாழச் சதுரச் சீர் கொண்டது. ஒன்றின் நீண்ட அச்சு மற்றதன் நீண்ட அச்சுக்கு ஏறக்குறையச் செங்குத்து. இரண்டையும் சேர்த்தால், இரு அச்சுகளுக்கும் குறுக்கே போகும் திசை மட்டும் தனித்து நிற்கும், மற்ற திசைகள் சமமாகிவிடும். லிவர்பூலில் அட்டைப் பட்டைகளைக் கூட்டிக் கண்ட நான்கு கிட்ட, இரண்டு எட்ட என்ற அமைப்பு, கல்கத்தாவில் ஓர் இழையின் முறுக்கலில் உறுதியாயிற்று.

மிச்சமிருந்தது ஹைட்ரஜன். அதன் ஒற்றை எலக்ட்ரான் எக்ஸ் கதிரின் கண்ணுக்கு அன்று படவில்லை. நியூட்ரானுக்குப் படும். 1962-இல் பேக்கனும் கர்ரியும் மயில்துத்தத்தை நியூட்ரான் கற்றையில் வைத்து, ஐந்து நீரின் பத்து ஹைட்ரஜன்களும் யாரை நோக்கி நிற்கின்றன என்று வரைந்தார்கள். பீவர்ஸும் லிப்சனும் ஆக்சிஜன்களின் இடைவெளியை வைத்து ஊகித்திருந்த பிணைப்புகளுக்கு நேரடிச் சாட்சி அப்போதுதான் வந்தது.

பொறி ஒன்று இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? பல வேதியியல் புத்தகங்கள் இன்றும் இப்படி எழுதுகின்றன: செம்போடு சேர்ந்த நான்கு நீர் முதலில் போகும், ஹைட்ரஜன் பிணைப்பில் நிற்கும் ஐந்தாவது நீர்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்து இருநூறு டிகிரிக்கு மேல் போகும். கிரஹாமின் நான்கும் ஒன்றும், லிவர்பூலின் நான்கும் ஒன்றும் அவ்வளவு அழகாகப் பொருந்துவதால் வந்த முடிவு இது. உலோகத்தைப் பிடித்த நீர் எளிதில் போகுமாம், உலோகத்தையே தொடாத நீர் போக மறுக்குமாம். கொஞ்சம் நின்று யோசித்தாலே உறுத்த வேண்டிய வாக்கியம், தேர்வு வினாத்தாள்களின் புண்ணியத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது.

நடப்பது வேறு. மயில்துத்தம் ஐந்திலிருந்து மூன்றுக்கும், மூன்றிலிருந்து ஒன்றுக்கும், ஒன்றிலிருந்து வெறுமைக்கும் இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் பழைய படிகம் உடைந்து புதிதாக ஒன்று கட்டப்படுகிறது. மூன்று நீர் உப்பின் அமைப்பை 1968-இல் கண்டறிந்தபோது, மூன்று நீரும் செம்பைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தன. தனித்து நிற்கும் நீர் என்று ஒன்று அங்கேயே இல்லாமற்போயிற்று. ஒரு நீர் உப்பு, கீசரைட் என்கிற மெக்னீசியக் கனிமத்தின் குடும்பம். அதில் எஞ்சியிருக்கும் அந்த ஒற்றை நீர், ஒரே நேரத்தில் இரண்டு செம்புகளைப் பிடித்துப் பாலமாக நிற்கிறது. கிளாஸ்கோவில் கிரஹாமின் சட்டியில் போகமாட்டேன் என்று நின்றது இதுதான்.

(தொடரும்)